தோட்டம் முதலில், அறை அப்புறம்: குமரி மாவட்டத்தில் விவசாயத்தோடு ஒரு தங்குமிடம் அமைக்க

வளைகுடாவில் பல வருஷம் உழைத்த பணம் கொஞ்சம், ஊரில் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் ரப்பர், மனசுக்குள் ஒரு ரிசார்ட் படம். குமரி மாவட்டத்தில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் கட்டிடத்தைப் பற்றித்தான், மரத்தில் நாலு காட்டேஜ் போட்டால் என்ன செலவாகும் என்று. யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: தோட்டம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பிக்கும் வரை ஒரு செங்கல்கூட வாங்காதீர்கள். தோட்டம் ஓடுகிற இடத்தில் அறை காலியாகக் கிடந்தாலும் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள், தோட்டம் செத்த இடத்தில் பத்து அறை கட்டினாலும் முதல் ஆஃப் சீசனிலேயே வட்டி கழுத்தை நெரிக்கும்.

வரிசை இதுதான்: இடம், பத்திரம், தண்ணீர், பயிர், கடைசியில் அறை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தப் பக்கம் நிலம்

மாவட்டம் சின்னது, 1,700 சதுர கிலோமீட்டர்கூட வராது. ஆனால் ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றும் வறண்ட பூமியும் பேச்சிப்பாறை பக்கத்து ஈரக்காடும் இதற்குள்ளேயே இருக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் கிடைப்பதும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கிடைப்பதும் ஒன்றல்ல. குலசேகரத்தில் ஒருவருக்கு ஜாதிக்காய் நன்றாக வந்தது என்று கேட்டுவிட்டு ஆரல்வாய்மொழியில் கொண்டுபோய் வைத்தால் காற்றே அதைத் தின்றுவிடும்.

மலையோரம் வாங்க நினைப்பவர்கள் மூன்று விஷயம் விசாரிக்க வேண்டும். அந்தக் கிராமம் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பது முதலாவது, இருந்தால் கட்டிடம், மனைப்பிரிவு எதற்கும் தனி அனுமதி வேண்டும். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அந்த சர்வே எண் வருகிறதா என்பது அடுத்தது. வந்தால் விற்க, அடமானம் வைக்க, மரம் வெட்ட எல்லாவற்றுக்கும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும், இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு பழைய ரப்பரை வெட்ட முடியாமல் நிற்கும் குடும்பங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தின் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. வனத்துறை எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் 'வியூ' அருமையாக இருக்கும், யானையும் காட்டுப்பன்றியும் அந்த வியூவுக்குள்தான் வரும்.

கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் பாயும், அதற்குள்ளும் வீடே கட்டக்கூடாத பகுதி தனியாக உண்டு. முட்டம், சங்குத்துறை, தேங்காய்ப்பட்டணம் பக்கம் 'பீச் டச்' நிலம் என்று புரோக்கர் காட்டினால் வரைபடத்தை எடுத்து அளந்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். ஏலாவில், அதாவது தொடர்ந்து கிடக்கும் வயல்வெளியில், வயல் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம், நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதோடு கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயலில் மண் கொட்டி மேடாக்கிவிட்டுப் பலகையில் 'இயற்கையோடு வாழ்வோம்' என்று எழுதி வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

என் கணக்கில் புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது நடுப்பகுதிதான்: தக்கலை, திருவட்டாறு, மார்த்தாண்டம், அருமனை, கருங்கல் சுற்றிய செம்மண் மேட்டு நிலம். தென்னையும் வாழையும் வரும், ரப்பரும் நிற்கும், ஆள் கிடைக்கும், சந்தை பக்கம். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்தும் அதிக தூரமில்லை.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது

வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) இவை நாலும் இணையத்திலேயே கிடைக்கின்றன, அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே வீட்டிலிருந்து பார்த்துவிடலாம். நம் மாவட்டத்துக்கென்று உள்ள தனிப்பிரச்சினை தாய்ப்பத்திரம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்தவர்கள். அதனால் பழைய ஆவணங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் 1120 என்று போட்டிருந்தால் 1944-45. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தர் ஒருவரை உட்காரவைத்து முழுதும் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை வாரிசு, யார் பங்கு யாருக்குப் போனது, எந்த அத்தை கையெழுத்துப் போடவில்லை என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும்.

அப்புறம் வழி. நம் ஊரில் 30 சென்ட், 40 சென்ட் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்துக்கு நடப்பாதை மட்டும் இருக்கும், அதுவும் பக்கத்து விளைக்காரர் பெருந்தன்மையில். விவசாயத்துக்கு அது போதும், தேங்காயைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் விருந்தாளி பெட்டியோடு டாக்சியில் வருவார். வண்டி போகும் அகலத்தில் வழி பத்திரத்திலும் புலப்படத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். 'அது எல்லாம் எப்பவும் போற வழிதான் மக்கா' என்கிற பேச்சு கோர்ட்டில் நிற்காது. சர்வேயரை வரவழைத்து அளந்து கல் நட்ட பிறகு கிரயம் முடிப்பது நல்லது.

செலவையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு.

வாங்காமல் பாட்டத்துக்கு எடுப்பதென்றால், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பயிர் வைத்து, கிணறு தோண்டி, அறையும் கட்டப்போகிற இடத்துக்கு 11 மாத ஒப்பந்தம் போடுவது விளையாட்டுக் காரியம்.

தண்ணீரை மார்ச்சில் பாருங்கள்

நிலம் பார்க்க எல்லோரும் விடுமுறையில் வருவது ஜூலை, ஆகஸ்டில். அப்போது குமரி மாவட்டத்தில் எந்த நிலம்தான் அழகாக இல்லை? கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூனில் அணை திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள், அடைத்த பிறகு கால்வாயை நம்பி ஊறிய கிணறுகள் எல்லாம் இறங்கும். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ வந்து, கிணற்றில் மோட்டாரைப் போட்டு இறைத்துவிட்டு, ராத்திரி கழித்து மறுநாள் காலையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். அந்த அளவுதான் உங்கள் தோட்டத்தின் அளவும் அறைகளின் எண்ணிக்கையும்.

சரிவான நிலத்தில் முதல் வேலை மழைக்குழிகளும் வரப்பும். ரப்பர் தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்காகத் தட்டு வெட்டியிருப்பார்கள், பராமரிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும், அதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. தாலுகா அலுவலகத்தில் சிறு குறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து அறைக்கு ஒரு பல்புக்குக்கூட வயர் இழுக்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் பெரிசு, இணைப்பும் போகும். தங்குமிடத்துக்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.

பழைய ரப்பரை என்ன செய்வது

வந்தவுடனே வெட்டித் தள்ளுவதுதான் பலரும் செய்வது. பொறுங்கள். ரப்பர் நட்டு ஏழு வருஷத்தில் பால் வெட்டத் தொடங்கினால் இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடும். விலை ஏறியிறங்கும், 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது, 2016-இல் நூறுக்குக் கீழே விழுந்தது, 2024 ஆகஸ்டில் மறுபடி 2011-இன் உச்சத்தைத் தாண்டியது. விழுந்த நேரத்தில் மரத்தை வெட்டினவர்கள் ஏறினபோது வயிறெரிந்தார்கள். மரத்துக்கு இன்னும் பத்து வருஷ ஆயுள் இருக்கிறது, பால் வெட்ட நல்ல ஆள் இருக்கிறார் என்றால் பாதியை அப்படியே விடுங்கள். அது மாசாமாசம் வருகிற பணம், சம்பளத்துக்கு ஆகும்.

ஆயுள் முடிந்த பகுதியை வெட்டி மறுநடவு செய்யும்போது அன்னாசிக்குப் பாட்டத்துக்குக் கேட்டு ஆட்கள் வருவார்கள். முதல் மூன்று, நாலு வருஷம் அவர்கள் அன்னாசி போட்டுக்கொள்வார்கள், உங்கள் ரப்பர் கன்றையும் பார்த்துக்கொள்வார்கள், கையில் குத்தகைப் பணமும் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் பூக்க வைக்க எத்திபான் மருந்து, களைக்கொல்லி, உரம் என்று கொட்டுவார்கள். இயற்கை விவசாயம் என்று சொல்லி அறை வாடகைக்கு விடப்போகிறவர் இதற்கு ஒத்துக்கொண்டால், மூன்று வருஷம் கழித்து மண்ணை முதலிலிருந்து தேற்ற வேண்டியிருக்கும். நானாக இருந்தால் விடமாட்டேன். கையில் சுத்தமாகப் பணம் இல்லை என்பவர் ஒரு மூலையை மட்டும் விடலாம், கிணற்றை விட்டுத் தள்ளி.

அடுக்கு அடுக்காகப் பயிர்

2017 நவம்பர் 30-ஐ மறக்காதீர்கள். ஒக்கி புயல் அடித்துப்போன ஒரே நாளில் மாவட்டம் முழுக்க வாழையும் ரப்பரும் படுத்தன. தாய்வேர் ஆழமில்லாத ஒட்டு ரப்பர் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. ஒரே பயிரை நம்பினவர்களுக்கு அந்த வருஷம் ஒன்றுமே மிஞ்சவில்லை. அதனால் நிலத்தில் குறைந்தது நாலு உயரத்தில் பயிர் இருக்க வேண்டும், அறுவடையும் வேறு வேறு மாதத்தில் வர வேண்டும்.

மேலே தென்னை. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். அதற்கு மேல் நெருக்கி வைத்தால் கீழே எதுவும் வராது. ஈத்தாமொழி நெட்டை ரகம் நம்முடையது, புவிசார் குறியீடும் வாங்கியது, அந்தப் பக்கத்து நல்ல தாய்மரத்திலிருந்து நெற்று வாங்கிக் கன்று போடலாம். தென்னைக்கு நடுவே ஊடுபயிர் போடுவதில் ஒரு கணக்கு உண்டு. முதல் ஏழெட்டு வருஷம் வெயில் நிறைய விழும், வாழை, மரச்சீனி (மரவள்ளி), சேனை, சேம்பு எல்லாம் போடலாம். எட்டிலிருந்து இருபது வயசு வரை மட்டை தாழ்ந்து நிழல் கட்டிவிடும், அந்தக் காலத்தில் நிழல் தாங்குவதை மட்டும்தான் வைக்க முடியும். இருபத்தைந்து வயசுக்கு மேல் மறுபடி வெளிச்சம் வரும். பழைய தென்னந்தோப்பை வாங்குகிறவர்களுக்கு இது ஒரு அதிர்ஷ்டம், தோப்பு கிழடு என்று மலிவாகக் கிடைக்கும், கீழே இரண்டாவது தோட்டமே போடலாம்.

தென்னைக்கு வரும் பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. காண்டாமிருக வண்டுக்கு வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து நுனியில் மூன்று மட்டை இடுக்கில் வையுங்கள். 2016 வாக்கில் வந்து சேர்ந்த சுருள் வெள்ளை ஈக்கு ரசாயனம் அடிக்க வேண்டாம், அடித்தால் அதைத் தின்னும் குளவியும் சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி, இலைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சுவது, அவ்வளவு போதும். மட்டை கறுத்துப்போனதைப் பார்த்துப் பதறாதீர்கள், மழையில் கழுவிப்போகும்.

மரத்தில் ஏறுவது நல்லமிளகு. ஜூனில் மழை தொடங்கியதும் நட வேண்டும். நிழல் அதிகமுள்ள இடத்தில் கரிமுண்டா, வெளிச்சமுள்ள இடத்தில் பன்னியூர் 1, இதை மாற்றி வைத்தால் கொடி பச்சையாக வளரும், காய் பிடிக்காது. பலா, அயினி, முள்முருக்கு எதில் வேண்டுமானாலும் ஏற்றலாம். மழைக்கு முன் ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) அடிக்கவில்லை என்றால் வாடல் வந்து ஒரே மாதத்தில் கொடி கருகும். பச்சையாக மூன்று கிலோ பறித்தால் காய்ந்து ஒரு கிலோ கிடைக்கும். காய்ந்த மிளகு மூட்டையில் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும், விலை பிடிக்காவிட்டால் காத்திருக்கலாம். வாழைக்கு அந்த வசதி கிடையாது.

ஜாதிக்காய்க்கு ஒட்டுக்கன்று மட்டும் வாங்குங்கள். விதைக்கன்றில் பாதி ஆண் மரமாகப் போகும், அது ஆணா பெண்ணா என்று தெரியவே ஆறேழு வருஷம் ஆகும். பேச்சிப்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். கிராம்பு வேண்டும் என்பவர்களுக்கு: கன்னியாகுமரி கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது உண்மைதான், ஆனால் அது மாறாமலை மாதிரி உயரமான எஸ்டேட்டுகளில் விளைவது, உங்கள் இரண்டு ஏக்கர் செம்மண் மேட்டுக்கு அது ஒத்துவராது.

வாழையில் இரண்டு வகையைப் பிரித்து வையுங்கள். ஏத்தன் (நேந்திரன்) சந்தைக்கு. அது பத்து மாதப் பயிர், அக்டோபர் நவம்பரில் நட்டால் ஓணத்துக்குக் கேரளம் இழுத்துக்கொள்ளும். மே, ஜூன் காற்றுக்கு முன் ஒவ்வொன்றுக்கும் கம்பு ஊன்ற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மட்டி விருந்தாளிக்கு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், கைவிரல் நீளம்தான் இருக்கும், ஆனால் பழுத்த குலை ஒன்றைத் திண்ணையில் தொங்கவிட்டால் வாசலில் இறங்கும்போதே வாசனை வரும். வெளியூர்க்காரர்கள் அதை ஆளுக்கு ஐந்தாறு பிய்த்துத் தின்பார்கள், போகும்போது ஒரு சீப்பு கேட்பார்கள். அதைச் சந்தையில் போட்டால் என்ன கிடைக்கும், இங்கே என்ன கிடைக்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். பேயன், செந்துளுவன், ரசகதலி ஒவ்வொன்றிலும் சில மூடு வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு குலை பழுத்திருக்கும்.

மண்ணுக்கு மூடாக்கும் தழையும்தான் மருந்து. வேலியோரம் கிளைரிசிடியா வைத்து வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை வெட்டித் தூரில் போடுங்கள். தேங்காய் மட்டையைக் குழி வெட்டிப் புதைத்தால் கோடையில் ஈரம் பிடித்துக்கொள்ளும். ஜீவாமிர்தம் ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர்: நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லமோ கருப்பட்டியோ 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி தோட்டத்து மண். இயற்கைச் சான்றிதழ் வேண்டுமென்றால் நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருஷ மாற்றக் காலம் உண்டு, அதனால் முதல் நாளிலிருந்தே எது போட்டோம், எங்கே வாங்கினோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

தேனீ

இதைத் தனியாக எழுதக் காரணம், முதல் வருஷமே பணம் தரக்கூடியது இது. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு நூறு வருஷப் பழக்கம், 1920களில் அங்கே தொடங்கிய ஒய்எம்சிஏ கிராம முன்னேற்ற மையத்திலிருந்து பரவியது. பெட்டி, ராணி, பயிற்சி எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும்.

நம் ஊர்த் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல. ரப்பர் டிசம்பர், ஜனவரியில் இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்த மூன்று இலையும் காம்பில் சேரும் இடத்தில் குட்டி முடிச்சு மாதிரி சுரப்பிகள் இருக்கும், இலை வெளிர்ப்பச்சையாகும் நேரத்தில் விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். தேனீ காலையில் அதைத்தான் மொய்க்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அந்தச் சுரப்பு, தேன் எடுப்பது ஏப்ரல் வரை நீளும். அதற்கு முன்பே டிசம்பரில் பெட்டியைப் பலப்படுத்தி வைக்காவிட்டால் சீசன் வரும்போது பெட்டியில் தேனீ இருக்காது.

பெட்டிக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. ஜூன், ஜூலை மழையில் ஈக்கு வெளியே தீனி இல்லை, சர்க்கரைப் பாகு கொடுத்தாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வந்த பைப்புழு வைரஸ் நோயில் தென்மாவட்டங்களில் பெட்டி பெட்டியாகக் காலியானது. அதனால் வெளியூர்க் கூட்டங்களைக் கண்டபடி வாங்கி நிரப்பாதீர்கள், நோய் தாங்கி நின்ற உள்ளூர்க் கூட்டத்தைப் பிரித்துப் பெருக்குங்கள்.

ரப்பர்த் தேனில் ஈரம் அதிகம். அடையில் முக்கால்வாசி அறைகளை ஈ மெழுகால் மூடிய பிறகு எடுத்தால் புளிக்காது. அப்புறம் அது சீக்கிரம் நெய் போல உறையும். வாங்கிப்போன விருந்தாளி ஒரு மாதம் கழித்து போட்டோ எடுத்து அனுப்பி, சர்க்கரை கலந்துவிட்டீர்களே என்று கேட்பார். பாட்டிலிலேயே முன்கூட்டி எழுதி ஒட்டிவிடுங்கள்: உறைவது இயல்பு, வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும். தேன், ஏத்தங்காய் வற்றல், சக்கை வற்றல் என்று சிறு அளவில் தயாரித்து விற்பவர்களுக்கு மத்திய அரசின் குறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரை கொடுத்தார்கள், இப்போதும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

இனி அறை

தோட்டத்தில் பழைய ஓட்டு வீடு இருந்தால் அதை இடிக்காதீர்கள், இதில் நான் பிடிவாதக்காரன். பலா, அயினி, தேக்கு உத்திரம் போட்ட வீட்டில் ஓடுகளை மாற்றி, கரையான் அரித்த துலாம் ஒன்றிரண்டை மாற்றி, உள்ளே இரண்டு குளியலறை சேர்த்தால் போதும். இன்றைக்கு அந்த மரத்தை வாங்கப் போனால் விலை கேட்டுத் திரும்பிவிடுவீர்கள். காங்கிரீட் பெட்டிக்குள் ஏசி போட்டுத் தூங்க விரும்புகிறவருக்குக் கன்னியாகுமரி கடற்கரையிலேயே லாட்ஜ் வரிசையாக நிற்கிறது, அவர் உங்களைத் தேடி வரப்போவதில்லை.

முதலில் இரண்டு அறை, அதிகம் போனால் மூன்று. கழிப்பறை வெளிநாட்டுத் தரத்தில், மற்றதெல்லாம் நம் ஊர்த் தரத்தில் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கழிவுத்தொட்டி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். செம்மண் சரளையில் தண்ணீர் வேகமாக இறங்கும், அதனால் இன்னும் தள்ளிப் போட முடிந்தால் போடுங்கள். குளியல் தண்ணீரைச் சேம்பு, கல்வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடலாம். ஜன்னல் எல்லாவற்றுக்கும் கொசுவலை. மெத்தை, தலையணையை மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை வெயில் கண்ட நேரம் பார்த்துப் போடாவிட்டால் பூஞ்சை வாடை அடிக்கும், அதை எந்த வாசனைத் திரவியமும் மறைக்காது.

அனுமதிகள். புதிதாகக் கட்டினால் பஞ்சாயத்தில் கட்டிட அனுமதி. 2024-இல் வந்த சுயசான்று முறை 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்குத்தான், வாடகை அறைகளை அதில் நுழைக்க வேண்டாம். உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருந்து நடத்துவதைச் சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்யுங்கள். சாப்பாடு போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும், இதை மறந்தால் விஷயம் போலீஸ் வரை போகும். அறை வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி.

வருகிறவர்கள் எப்போது வருவார்கள்

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப சீசன், கன்னியாகுமரி பிதுங்கும். ஆனால் அந்தக் கூட்டம் ஒரு ராத்திரிக் கூட்டம், சூரிய உதயம் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று நாள் தங்கும் குடும்பம். அவர்கள் ஏப்ரல், மே விடுமுறையிலும் ஓண விடுமுறையிலும் கிறிஸ்துமஸிலும் வருவார்கள். மூன்று நாளைக்கு என்ன செய்வது என்று நீங்கள்தான் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்: ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனை (திங்கட்கிழமை விடுமுறை, எத்தனையோ பேர் போய் வாசலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்), சிதறால் மலை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு. ஒரு நாள் கடல், 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம். ஒரு நாள் முழுக்கத் தோட்டத்தில். சித்ரா பௌர்ணமியன்று சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க வருகிறவர்கள் ஆறு மாதம் முன்பே அறை கேட்பார்கள்.

விடியற்காலை ரப்பர் வெட்டுபவரோடு போய், கத்தி பட்டையில் ஓடுவதையும் பால் சிரட்டையில் சொட்டுவதையும் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இதற்காக அவருக்குத் தனியாகக் கூலி கொடுங்கள், அவர் வேலை நேரத்தைத்தான் நீங்கள் விற்கிறீர்கள். சாப்பாட்டில் ஓட்டல் மெனு வேண்டாம். அவித்த மரச்சீனி, தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு, நெத்திலி, சைவக்காரர்களுக்குத் தீயல், எரிசேரி, அவியல். மீன் காலையில் குளச்சல் பக்கமிருந்து வருவது எதுவோ அதுதான் அன்றைய சாப்பாடு என்று முன்பே சொல்லிவிட்டால் நெய்மீன் ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜூன், ஜூலையில் அறை காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். அது நடவு மாதம், தோட்டத்துக்கு உங்கள் முழு நேரமும் வேண்டும். ஓடு மாற்றுவதை மட்டும் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஆளும் கணக்கும்

தென்னை ஏற, பால் வெட்ட, களை எடுக்க ஆள் கிடைப்பது வருஷாவருஷம் கஷ்டமாகிக்கொண்டு வருகிறது. பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒன்றுக்கு வருஷம் முழுக்க நிலையான வேலை கொடுப்பது, தேவைப்படும்போது ஆள் தேடி அலைவதைவிட மலிவு. சமையலுக்கும் அவர்களே நின்றால் விருந்தாளி மறுபடி வருவார்.

கணக்குக்கு இரண்டு நோட்டு. ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று அறைக்கு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அறை வாடகைக்கு உண்டு, இரண்டையும் கலந்து எழுதினால் ஆடிட்டர் தலையில் கைவைத்துக்கொள்வார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. விருந்தாளிக்குச் சமைத்த தேங்காய், வாழை, மிளகு எல்லாவற்றையும் வடசேரி சந்தை விலைக்கு அறை நோட்டில் செலவாகவும் தோட்ட நோட்டில் வரவாகவும் எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் எது எதைத் தாங்குகிறது என்று தெரியும். தோட்ட நோட்டு தொடர்ந்து இரண்டு வருஷம் கூலி, உரம், மின்சாரம் எல்லாம் போக மிச்சம் காட்டினால் அடுத்த அறைக்கு வரைபடம் போடுங்கள். அண்ணன் தம்பி பங்குள்ள நிலம் என்றால் அந்த வரைபடத்துக்கு முன்னால், யார் முதல் போடுகிறார், யார் உழைக்கிறார், லாபம் எப்படிப் பிரியும் என்று எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள், துபாயில் இருக்கிற தம்பியிடம் பவர் வாங்குவதும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.